கிருஷ்ணா என்கிற கிர் காளை

நாட்டு மாட்டின் பெருமை பேசும் மேடைகளில் பிரேசில் தவறாமல் வந்துவிடும். பாவ்நகர் மகாராஜா கிர் இனக் காளை ஒன்றைக் கொடுத்தாராம். அதன் வாரிசுகள் இன்று அங்கே குடம் குடமாகக் கறக்கின்றனவாம். அந்த மகாராஜா கிருஷ்ணகுமார்சிங் 1948 முதல் 1952 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர் என்பது என் ஆர்வத்தைக் கூட்டியது. கதையின் நதிமூலத்தைத் தேடத் தொடங்கினேன்.

காளை கற்பனையல்ல. பெயர் கிருஷ்ணா. பரானா மாநிலப் பண்ணையாளர் செல்சோ கார்சியா சிட், சௌராஷ்டிரத்தில் வாங்கி 1960இல் பிரேசிலில் இறக்கிய மந்தையில் அதுவும் இருந்தது.

ஆனால் கிர் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே போய்விட்டது. ஐரோப்பிய மாடுகள் பிரேசிலின் வெயிலுக்கும் உண்ணிக்கும் தாக்குப்பிடிக்காததால், உபெராபா வட்டாரத்து வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திமில் மாடுகளைத் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தப் போக்குவரத்தை முடக்கியது வெக்கை நோய். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது நோய் பெல்ஜியத்துக்குள் பரவியது. கால்நடை நோய்களைக் கண்காணிக்க 28 நாடுகள் 1924இல் பாரிஸில் ஒரு சர்வதேச அமைப்பை உருவாக்கியதற்கு அந்தப் பீதியே காரணம். 1921இல் பிரேசிலையும் நோய் தாக்க, இறக்குமதிக்குத் தடை வந்தது. பிறகு வந்தவை சொற்ப மந்தைகளே. 1962இல் வந்தவற்றைக்கூடப் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் தனியே வைத்துச் சோதித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

சரி, பால் எங்கிருந்து வந்தது? பிரேசிலில் கிர் பல காலம் கறிக்காகவும் கண்காட்சிக்காகவும் வளர்க்கப்பட்டது. புடைத்த நெற்றியும் தொங்கும் நீண்ட காதும்தான் பரிசு வாங்கித் தந்தன. உம்புசெய்ரோ அரசுப் பண்ணையும் சில தனியார் பண்ணைகளும் மட்டும் ஒவ்வொரு பசுவின் பாலையும் அளந்து ஏட்டில் எழுதிவந்தன.

1985இல் எம்ப்ராபா ஆய்வு நிறுவனமும் கிர் வளர்ப்போர் சங்கமும் அந்த வேலையை நாடு தழுவிய திட்டமாக்கின. ஓர் இளங்காளையின் விந்து பல பண்ணைகளுக்குப் போகும். பிறக்கும் கிடேரிகள் வளர்ந்து, கன்று ஈன்று, கறவைக்கு வர வேண்டும். அவற்றின் பாலைக் கணக்கிட்ட பிறகே காளைக்குத் தரவரிசை. முதல் பட்டியல் வெளியாக 1993 ஆனது.

ஐரோப்பியக் கறவை இனமான ஹோல்ஸ்டீனில் எட்டில் ஐந்து பங்கும் கிரில் மூன்று பங்கும் கலந்த கிரோலாண்டோ, 1996இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. பிரேசிலின் பாலில் பெரும்பகுதி இன்று இந்தக் கலப்பிலிருந்து வருகிறது.

திமில் மாடுகளின் மரபணு ஆய்விலும் இனப்பெருக்கத் தொழில்நுட்பத்திலும் ஒத்துழைக்க இந்தியாவும் பிரேசிலும் 2016இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. குஜராத்தின் பிடாஜில் உள்ள சாபர்மதி ஆசிரம கோசாலையும் கிர் காளைகளை அவற்றின் மகள்கள் கறக்கும் பாலைக் கொண்டே தரம்பிரிக்கத் தொடங்கியிருக்கிறது.