பாலோட்டில் ஒரு கேள்வி: காளானும் கோழியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகத் தென்மலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது பாலோடு. 1979இல் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மூலிகைகளோடு காட்டுக் காளான்களையும் ஆராய்கிறது. கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் தடுப்பூசி தயாரிக்கும் கேரள அரசின் நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. மருத்துவக் காளானின் சாறு கோழியின் வைரஸ் நோயைத் தடுக்குமா என்ற கேள்வி எழுவதற்கு ஏற்ற இடம் அது.

நோய்களில் கொடியது வெள்ளைக்கழிச்சல், மலையாளத்தில் கோழிவசந்தா. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட இந்நோய், பின்னர் குமாவுன் மலையில் உள்ள ராணிகேத்தில் காணப்பட்டதால் இந்தியாவில் அவ்வூரின் பெயரைப் பெற்றது. நோய் கண்ட பறவையைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே காப்பு.

இந்த வெற்றிடத்தில்தான் ரீஷி போன்ற காளான்கள் நம்பிக்கை தருகின்றன. அவற்றின் பீட்டா குளுக்கான்கள் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன. டிரைடெர்பீன்கள் வைரஸின் நொதிகளைத் தடுக்கலாம். இதைச் சோதிக்க ஒன்பது முதல் பதினொரு நாள் வயதான கருமுட்டைக்குள் வைரஸும் சாறும் செலுத்தப்படுகின்றன. பிறகு முட்டையின் நீர் கோழியின் சிவப்பணுக்களோடு கலக்கப்படுகிறது. வைரஸ் இல்லையெனில் அணுக்கள் குழியின் அடியில் சிவப்புப் பொத்தானாகப் படியும்.

அந்தப் பொத்தானைக் கண்டதும் ஆய்வு மாணவரின் மனம் துள்ளுவது இயல்பு. ஆனால் சாறு கருவையே நஞ்சூட்டியிருந்தாலும் வைரஸ் பெருகாது. முன்கூட்டியே சாற்றில் ஊறவைத்த வைரஸ் வலுவிழப்பது, நோய் பற்றிய கோழி பிழைப்பதற்குச் சான்றாகாது. காளான்களின் லெக்டின்கள் தாமாகவே சிவப்பணுக்களை ஒட்டச் செய்து கணக்கைக் குழப்பவும் கூடும். வைரஸ் இல்லாத முட்டையில் சாற்றை மட்டும் செலுத்தும் ஒப்பீடு இல்லாத முடிவு, முடிவாகாது.

முட்டையைத் தாண்டிய தூரம் இன்னும் நீண்டது. உலர்த்திய தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கும் மேலோ மருந்து உண்டு; கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். குளிரும் குறையக் கூடாது. கொல்லையில் ஐந்து கோழி வளர்க்கும் பெண்ணுக்கு அந்தக் குப்பி எட்டாமல் போவது இதனால்தான். காளான் சாறு அவளுக்கு உதவ வேண்டுமெனில், தடுப்பூசியின் இடத்தைப் பிடிப்பதாகச் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. போட்ட தடுப்பூசி கோழியின் உடலில் வலுவாகவும் நெடுநாளும் நிற்கச் செய்கிறதா என்று காட்ட வேண்டும்.

அதற்குக் காளான் அறிந்தவரும் கோழி அறிந்தவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். பாலோட்டில் அந்த மேசைக்கு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.