முன்னெழுத்து

அம்மா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய தோல் பெட்டி அது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் என்பார். அவர் போனபின் பரணில் கிடந்தது. இறக்கியபோது வெண்பூஞ்சை படர்ந்திருந்தது.

தோலுக்குத் தண்ணீரும் ஆகாது, நேர்வெயிலும் ஆகாது. மாடி நிழலில் திறந்துவைத்துக் காற்றாட விட்டேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டினேன். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள் அக்கா. எண்ணெய் தோலைக் கறுக்கவைக்கும், தூசியைச் சேர்க்கும். தடவவில்லை.

உலர்ந்த துணியால் மூடியைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டில் ‘க. சரோஜா’. ‘க’ மட்டும் ஓரத்தில் உரிந்திருந்தது. அடியில் ‘மு’. ‘க’ அப்பா, ‘மு’ தாத்தா. கல்யாணத்துக்குப் பின் யாரோ ஓர் எழுத்தின்மேல் இன்னோர் எழுத்தை எழுதியிருக்கிறார்கள். அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் உழைத்துச் சம்பாதித்த பெட்டிக்கும் ஓர் ஆணின் எழுத்து காவல் நின்றிருக்கிறது. என் முனைவர் பட்டச் சான்றிதழிலும் நிற்கிறது.

நகத்தால் சுரண்டப் போனேன். ‘க’வைச் சுரண்டினால் தாத்தா வருவார், அவ்வளவுதான். இரண்டையும் சுரண்டினால் தோல் கிழியும். தவிர, பழம்பொருளைக் காப்பவர் அதன் தடயங்களை அழிக்கக் கூடாது. நடந்தது நடந்ததாகவே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டி வடிவம் குலையாதிருக்க அம்மாவின் பருத்திப் புடவைகளைச் சுருட்டி உள்ளே வைத்தேன். இப்போது அது பரணில் இல்லை; என் எழுதுமேசைக்கு அருகே இருக்கிறது. யாரும் மாற்றி எழுதாத மூன்று எழுத்துகள் அதில் இருக்கின்றன: சரோஜா.