லேப்டாப்பின் சிதம்பர ரகசியம்

ராத்திரி பதினோரு மணிக்கு அண்ணாமலை நகர் பக்கம் ஏதாவது ஒரு மாடி அறைக்குப் போய்ப் பாருங்க. மூணு பேர் படுக்குற இடத்துல அஞ்சு பேர். நடுவுல ஒரு மெத்தை. மெத்தை மேல ஒரு கேமிங் லேப்டாப். அதுல இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க... ஃப்ளைட் ரன்வேயில ஓடுற மாதிரி!

அந்தச் சத்தம் உங்க அறையிலும் கேட்குதா? அப்போ லேப்டாப்பைப் பையில போட்டுத் தோளில் மாட்டிக்கிட்டு வாங்க. சிதம்பரத்தில் ஏறி கடலூரில் இறங்குற ஒரு சின்ன டிரிப். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எனக்கு இந்த டிரிப் அமைஞ்சது என் சித்தி பையன் புண்ணியத்துல. இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். சித்தி நகையை அடகு வெச்சு வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஒன்றரை வருஷம் ராஜா மாதிரி ஓடிச்சு. திடீர்னு வேலரன்ட் ஆடும்போது 140 ஃபிரேம் வந்த இடத்துல 25. பத்து நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் நொண்டும், மறுபடி ஓடும். கேம்தானேன்னு விட்டுடலாம். ஆனா அதே மெஷின்லதான் பையனோட ப்ராஜெக்ட் சிமுலேஷனும் ஓடணும். ரெண்டு மணி நேர வேலை அஞ்சு மணி நேரம் இழுக்குது. ஒரு சர்வீஸ் கடையில காட்டியிருக்கான். திறந்துகூடப் பார்க்காம, "மதர்போர்டு போயிருச்சு தம்பி, பதினெட்டாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. கடை பேர் வேணாம் விடுங்க. இன்னும் மீட்காத நகைக்கு மேல பதினெட்டாயிரம்! அம்மாகிட்ட எப்படிக் கேட்குறதுன்னு தெரியாம எனக்கு போன் போட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். லேப்டாப்பை அப்புறம் பார்த்துக்கலாம்னு முதல்ல அறையைப் பார்த்தேன். மேல்மாடி. தலைக்கு மேல நேரடியா மொட்டை மாடித் தளம். பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்கிரீட், ராத்திரிதான் அதை மெதுவா அறைக்குள்ள இறக்கி வைக்கும். வெளியே 29 டிகிரி, உள்ளே 35. சீலிங் ஃபேன் அந்தச் சூட்டையே சுத்திச் சுத்திப் பரிமாறுது. அதுல பஞ்சு மெத்தை மேல லேப்டாப். அடிப்பக்கம் இருக்குற காற்றுத் துளைகள் மெத்தைக்குள்ள புதைஞ்சு கிடக்கு.

கொஞ்சம் மேட்டருக்குள்ள போவோம். கேமிங் லேப்டாப் ஃபுல் லோடில் ஓடும்போது சுமார் 100 முதல் 200 வாட் வரை இழுக்கும். பழைய குண்டு பல்பு ரெண்டு மூணு எரியுற அளவு. உள்ளே போன கரண்ட் கிட்டத்தட்ட அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளியே வரணும். சிப்புக்கு ஒரு எல்லை உண்டு. பெரும்பாலான இன்டெல் லேப்டாப் பிராசஸர்களுக்கு அது 100 டிகிரி. அதை நெருங்கினதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கும். இதுக்குப் பேர் தெர்மல் த்ராட்லிங். சூடு குறைஞ்சதும் மறுபடி வேகம் எடுக்கும். தம்பியோட கேம் ஓடி ஓடி நொண்டினதுக்குக் காரணம் இதுதான். மதர்போர்டு போயிருந்தா பத்து நிமிஷம் மட்டும் எப்படி நல்லா ஓடும்? HWiNFO மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு... மன்னிக்கணும், எச்.டபிள்யூ.இன்ஃபோ! அதைப் போட்டுக் கேமை ஓட்டினோம். 97 டிகிரி. வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸில் இருந்து 1.4-க்கு விழுந்துச்சு. நோய் என்னன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு.

ஞாயிறு காலையில கோயில். சிதம்பரம் வந்துட்டு நடராஜரைப் பார்க்காம போனா எப்படி? பொன்னம்பலத்துக் கூரையில 21,600 பொன் ஓடுகள்னு சொல்வாங்க. மனுஷன் ஒரு நாளைக்கு விடுற மூச்சுக் கணக்கு அது. நிமிஷத்துக்கு 15, மணிக்கு 900, இருபத்து நாலு மணி நேரத்துக்கு 21,600. கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க, சரியா வரும். பக்கத்துலதான் சிதம்பர ரகசியம். திரையை விலக்கினா தங்க வில்வ மாலைகள் தொங்கும், அதுக்குப் பின்னாடி வெறும் வெளி. பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத் தலம்.

தம்பி என் காதுல கிசுகிசுத்தான்: "அண்ணே, என் லேப்டாப்புக்கு அடியிலயும் இந்த மாதிரி கொஞ்சம் வெளி விட்டிருந்தா..."

தீட்சிதர் காதுல விழலை. தப்பிச்சோம்! ஆனா பையன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. லேப்டாப் அடியில காத்தை இழுத்து, பின்பக்கமும் பக்கவாட்டிலும் விடுது. அடியில ரெண்டு சென்டிமீட்டர் வெளி கிடைச்சாலே பல மெஷின்களில் அஞ்சு டிகிரி வரைக்கும் இறங்கும். கூலிங் பேடுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கொட்ட வேண்டியதில்ல. பின்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில ரெண்டு தண்ணி பாட்டில் மூடி. செலவு பூஜ்யம்.

கொத்சும் சம்பா சாதமும் ஒரு பிடி பிடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். பஸ்சிலும் போகலாம், ஆனா பாசஞ்சர் ரயில்ல ஜன்னல் சீட் கிடைச்சா அந்தச் சுகமே தனி. முதல்ல கிள்ளை. பிச்சாவரம் போறவங்களுக்குத் தெரிஞ்ச பேர். அந்தச் சதுப்புக்காட்டுல வெண்கண்டல் மரத்தைச் சுத்தி சேத்துல இருந்து பென்சில் பென்சிலா நட்டுக்கிட்டு நிக்கும், பார்த்திருக்கீங்களா? மூச்சு வேர்கள். சேத்துக்குள்ள காத்து கிடையாதுங்கறதால வேர் மேல வந்து சுவாசிக்குது. வண்டல் வந்து அதை மூடிட்டா மரம் திணறும். அப்புறம் பரங்கிப்பேட்டை. இன்னிக்கு அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் மரக்கரி எரிச்சு இரும்பு உருக்கின ஊரும் இதுதான். சூட்டை ஏத்தறதுக்கு அவர் பட்ட பாடு, இறக்கறதுக்கு நாம படுற பாடு!

புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி கடலூர் முதுநகர் வரும்போது மீன் வாசனை உங்களை வரவேற்கும். நம்ம ஓ.டி. தான். துறைமுகத்துல ஐஸ் கட்டியை உடைச்சுப் பெட்டி பெட்டியா மீன் மேல கொட்டுவாங்க. அதைப் பார்த்ததும் தம்பி, "அண்ணே, ஒரு ஐஸ் பாக்கெட் வாங்கி அடியில வெச்சா?"ன்னான். உங்களுக்கும் தோணும். வேண்டவே வேண்டாம்! கடற்கரை ஊர்க் காத்துல ஈரம் அவ்வளவு. 25 டிகிரிக்குக் கீழே எந்தப் பொருளை வெச்சாலும் கோடையில அது மேல பெரும்பாலும் தண்ணி பூக்கும். கூல்டிரிங்ஸ் பாட்டில் வியர்க்குது இல்லையா, அதேதான். அந்தத் தண்ணி போர்டுக்குள்ள பூத்தா கடைக்காரர் சொன்ன பதினெட்டாயிரம் நிஜமாயிடும். ஏ.சி. ஹாலில் குளிர்ந்த லேப்டாப்பை வெளியே கொண்டு வந்த உடனே ஆன் பண்ணாதீங்கன்னு சொல்றதும் இதுக்காகத்தான். பையிலேயே அரை மணி நேரம் கிடக்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்ல இறங்கி தேவனாம்பட்டினம் ஆட்டோ பிடிச்சோம். நம்ம வீடு அந்தப் பக்கம்தான். சில்வர் பீச்சும் கெடிலம் ஆறும் செயின்ட் டேவிட் கோட்டையோட மிச்சமும் இருக்குற பக்கம். 1746-ல சென்னையை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சப்போ, கிழக்கிந்தியக் கம்பெனி மூட்டை முடிச்சோட வந்து ஆறு வருஷம் இங்கிருந்துதான் ஆட்சி நடத்துச்சு. கடல்காத்து பிடிச்சிருந்திருக்கும்போல.

ஆனா இந்தக் கடல்காத்து விஷயத்துலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. "கடலூர்ல என்னா புழுக்கம், லேப்டாப் செத்துரும்"பாங்க. அப்படி இல்ல. நமக்கு வியர்வை ஆவியாகணும், அதனால ஈரக் காத்துல தவிக்கிறோம். இதே மாவட்டத்துல நெய்வேலி அனல் மின் நிலையத்துல நிக்கிற ராட்சசக் கூலிங் டவருக்கும் அதே தவிப்பு உண்டு, தண்ணியை ஆவியாக்கித்தான் அதுவும் சூட்டைத் தள்ளுது. லேப்டாப்புக்கு வியர்க்காதே! அதுக்கு வேண்டியது வெறும் டிகிரிக் கணக்கு. மே மாசத்துல உள்நாட்டுல 40 தொடுற அன்னிக்கு, மதியம் கடல்காத்து நுழைஞ்ச தேவனாம்பட்டினத்துல 34 இருக்கலாம். நமக்குக் கசகசன்னு இருக்கும், மெஷினுக்கு அதுதான் ஜாலி. அறைச் சூடு பத்து டிகிரி ஏறினா சிப்போட சூடும் ஏறக்குறைய பத்து ஏறும், அவ்வளவுதான் கணக்கு. கடல்காத்தோட நிஜ வில்லத்தனம் வேற: உப்பு. ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். தூசியைக் களிம்பு மாதிரி ஒட்ட வைக்கும். ஸ்குரூவைத் துருப்பிடிக்க வைக்கும்.

சரி, திறந்துருவோமா? வாரன்ட்டி இருந்தா நீங்க திறக்காதீங்க, கம்பெனி சென்டருக்குக் கொண்டு போங்க. பேட்டரி உப்பி, டச்பேட் மேல தூக்கியிருந்தாலும் கைவைக்காதீங்க. தம்பி லேப்டாப்புக்கு வாரன்ட்டி முடிஞ்சு ஆறு மாசம். சார்ஜரைக் கழட்டி, ஆஃப் பண்ணி, பதினோரு ஸ்குரூவையும் எந்த இடத்துலயிருந்து எடுத்தோமோ அந்த வரிசைப்படி ஒரு பேப்பர்ல குத்தி வெச்சு, கவரை எடுத்ததும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரை உருவினோம்.

பார்த்தா ரெண்டு ஃபேனும் பளபளன்னு இருக்கு. "ஒண்ணும் இல்லையேண்ணே..."ன்னு பையன் முகம் விழுந்துருச்சு. ஃபேனைக் கழட்டினோம். அதுக்கும் பின்னாடி இருந்த செம்புத் தகடு அடுக்குக்கும் நடுவுல சாம்பல் கலர்ல ஒரு கம்பளி! சத்தியமா கம்பளிதான். மெத்தைப் பஞ்சு, தலைமுடி, சிதம்பரத்துத் தூசி எல்லாம் சேர்ந்து நெய்த ஒரு விரல் நீளத் துணி. குறடால முனையைப் பிடிச்சு இழுத்தா முழுசா உரிஞ்சு வந்துச்சு. அதை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேசாம பார்த்தோம். பதினெட்டாயிரம் ரூபாய்க் கம்பளி.

மிச்சத் தூசியை பிளோயர்ல ஊதினோம். அப்போ ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும். அடுத்தது ஹீட் பைப். அந்தச் செம்புக் குழாய் கெட்டியான கம்பி இல்ல, உள்ளே துளி நீர்மம் இருக்கு. சிப் பக்கம் ஆவியாகி, ஃபேன் பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவர் வழியா திரும்பி வரும். 1963-ல அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல ஜார்ஜ் குரோவர் செஞ்சு காட்டினது, விண்கலங்களுக்காக. இன்னிக்கு உங்க மடியில. அதை வளைச்சுடாதீங்க. சிப் மேல இருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சுபோன சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துச்சு. ஐசோ புரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, புதுசா பட்டாணி அளவு வெச்சு மூடினோம். செலவு பேஸ்ட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள்ள.

அதே கேம், அதே செட்டிங். 79 டிகிரி. பையன் என்னைக் கட்டிப்பிடிச்சான். அப்புறம் வெட்கப்பட்டு சில்வர் பீச்சுக்கு ஓடிட்டான்.

இதோட சுபம் போட்டா நல்லா இருக்கும். ஆனா மறுநாள் சிதம்பரத்துல இருந்து போன்: "அண்ணே, திரும்ப 88 வருது!" வரத்தானே செய்யும்? கடலூர்ல சாயங்காலம் 30 டிகிரியில பார்த்தது, அங்கே தளத்துச் சூடு இறங்குற அறை. மெஷினை சரி பண்ணலாம், வீட்டுக்காரரோட மொட்டை மாடியை என்ன பண்றது? நூறைத் தொடாதவரைக்கும் பயமில்லைன்னு சொல்லிட்டு மூணு வேலை கொடுத்தேன். மெத்தையை விட்டுட்டு மேஜை, பாட்டில் மூடியோட. அவனோட ஸ்கிரீன் அறுபது ஹெர்ட்ஸ் மட்டும்தான், அதனால கேமை 60 ஃபிரேமில் பூட்டு; கண்ணுக்குத் தெரியாத ஃபிரேமுக்கு எதுக்குச் சூடு? சிமுலேஷன் ஓட்டும்போது விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்'டை 99 ஆக்கு. ஒரே ஒரு சதவீதம்தான், ஆனா டர்போ அணைஞ்சு பத்து டிகிரிக்கு மேலகூட இறங்கும். சில புது மாடல்ல அந்த ஆப்ஷன் மறைஞ்சிருக்கும், கம்பெனியோட சொந்த சாஃப்ட்வேர்ல 'சைலன்ட்' மோடு அதே வேலையைச் செய்யும். ரொம்ப நீளமான சிமுலேஷனா, விடியற்காலை நாலு மணிக்கு வை. தளம் ஆறி முடியுற நேரம்.

பதினெட்டாயிரம் விஷயம் சித்திக்கு இன்னும் தெரியாது. போன மாசம் நகையை மீட்டுட்டாங்க.

நேத்து ராத்திரி பையன் மறுபடி கூப்பிட்டான். "என்னடா, திரும்ப சூடா?"

"இல்லண்ணே. இப்போ ஃபேன் சத்தமே இல்ல. அதான் பிரச்னை. பக்கத்துல படுக்குறவன் குறட்டை விடுறது இப்பத்தான் கேட்குது. அதுக்கு ஏதாவது பேஸ்ட் இருக்கா?"