மண்ணுக்கடியில் ஒரு நெடுநடை

பாரிஸ் மாநகரின் மோன்பர்னாஸ் நிலத்தடி இரயில் நிலையத்தில் தடம் மாறுவோர் நெடுந்தொலைவு நடத்தல் வேண்டும். காரணம் யாது? தனித்தனியே இருந்த இரு நிலையங்களை 1942-இல் சுரங்கப்பாதையால் இணைத்தனர். நிலையம் ஒன்றாயிற்று, தொலைவோ குறையவில்லை.

நடையைச் சுருக்க, 2002-இல் 185 மீட்டர் நீள விரைவு நகர்பாதை அமைத்தனர். பலர் தடுமாறி விழவே, வேகத்தை மணிக்கு 9 கிலோமீட்டராகக் குறைத்தனர். 2011-இல் அதனை அகற்றிச் சாதாரண நகர்பாதை வைத்தனர்.

அங்கு நாம் கண்டது இது: நகர்பாதை முடிந்தபின் படிகள் வருகின்றன. பெட்டியோடு முதியவரும், குழந்தையோடு தாயும் அங்கேதான் தயங்கி நிற்கின்றனர். கூட்டம் அவர்களைக் கடந்து விரைகின்றது. விரைவதால் நமக்கு மிஞ்சுவன சில நிமிடங்களே. அவற்றுள் ஒன்றை அவர்களுக்கு ஈவோம். பெட்டியைப் படியேற்ற எந்த நகர்பாதையும் வாராது. நம் கைதான் வேண்டும்.