எடைக்கல்லே கனத்த வாரம்

அன்புள்ள மாமாவுக்கு,



'நம்ம ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இத்தாலிக்காரங்க ஒண்ணு விட்டாங்களே, அது என்ன ஆச்சு?' என்று கேட்டிருந்தீர்கள். அது அஜிலே என்ற காமா கதிர் செயற்கைக்கோள். 2007 ஏப்ரல் 23 மத்தியானம் மூன்றரைக்கு பி.எஸ்.எல்.வி. தூக்கிப் போனது; பொன்னேரி மொட்டைமாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துவிட்டது. நடுவில் அது செய்த ஒரு காரியம்தான் இன்று எனக்குப் பிழைப்பு.

ரிஷபத்தின் கொம்பு நுனிக்குப் பக்கத்தில் நண்டு நெபுலா. 1054-இல் சீனர்கள் பகலிலேயே பார்த்த வெடிப்பின் மிச்சம். காமா கதிர் ஆட்களுக்கு அதுதான் எடைக்கல். மற்றதையெல்லாம் 'இத்தனை நண்டு' என்றே அளப்போம். 2010 செப்டம்பரில் அந்தக் கல்லே சில நாள் கனத்துப்போனது. அஜிலே குழு அறிவித்தது. மறுநாளே ஃபெர்மி என்ற இன்னொரு காமா கதிர் செயற்கைக்கோளின் குழுவும் ஆமாம் என்றது. அடுத்த ஏப்ரலில் இன்னும் பெரிதாக எகிறி, எட்டு மணி நேரத்துக்குள் பிரகாசம் இரட்டித்தது. பல ஒளியாண்டு அகலமுள்ள நெபுலா முழுவதும் அவ்வளவு சீக்கிரம் மாற வழியில்லை. அப்படியானால் எகிறிய இடம் நம் சூரிய மண்டலத்தை ஒட்டிய அளவுதான் இருக்கும். ஹப்பிள், சந்திரா விண்வெளித் தொலைநோக்கிகள் பார்த்தும் அது எந்த மூலை என்று பிடிபடவில்லை.

பால்வீதியில் இப்படி வேறு என்னென்ன எகிறுகிறது என்று தேடுகிறோம். ஃபெர்மி முழு வானத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிடுகிறது. தரவுக்குப் பஞ்சமில்லை, ஃபோட்டானுக்குத்தான் பஞ்சம். மங்கலான மூலத்திலிருந்து ஒரு நாளில் வருவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆற்றல் குறைந்ததென்றால் வந்த திசையும் சில பாகை தள்ளிப்போகும். போதாக்குறைக்கு, காஸ்மிக் கதிர்கள் வாயு மேகங்களில் மோதுவதால் பால்வீதித் தளமே காமாவில் ஒளிர்கிறது. அதனால் ஓரிடம் திடீரென்று பிரகாசித்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அத்தனை இடங்களை அத்தனை வாரங்கள் பார்த்தால், தற்செயலாகவே சில எகிறும். பின்னால், வேறொரு விண்மீன் மண்டலத்தில், ஏதாவது பிளேசார் (நம்மை நோக்கிப் பீய்ச்சும் கருந்துளை) கண் விழித்திருக்கலாம். சூரியனும் நிலாவும்கூட காமாவில் ஒளிர்பவை. ஆனி பிறக்கிற வாக்கில் சூரியன் நண்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் வந்து நிற்கும். பஞ்சாங்கம் பார்க்காமல் கட்டுரை எழுதக்கூடாது என்றால் இங்கே சிரிக்கிறார்கள்!

உங்களுக்குப் பிடிக்கிற செய்தி ஒன்று. 2010 மார்ச்சில் வி407 சிக்னி என்ற நோவாவை முதலில் கண்டது நிஷியாமா, கபாஷிமா என்ற இரண்டு ஜப்பானிய அமெச்சூர்கள். அதே இடத்தில் ஃபெர்மியும் காமா கதிரைப் பார்த்தது. நோவாவிலிருந்து அது வரும் என்று பெரும்பாலோர் நினைத்திருக்கவில்லை. 2021-இல் ஆர்.எஸ். ஒஃபியூக்கி என்ற நோவா வெடித்தபோது நமீபியாவிலிருக்கும் ஹெஸ் தொலைநோக்கிகள் இன்னும் உயர்ந்த ஆற்றலில் பிடித்தன. ஆகவே உங்கள் பைனாகுலரைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

லடாக்கில் ஹான்லேயில் நம் மேஸ் காமா கதிர் தொலைநோக்கி இருக்கிறது. பார்க்க அனுமதி கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். 4,000 மீட்டருக்கு மேல் உயரம். உங்கள் டாக்டர் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்