பெயர் எழுதாத கைகள்

காடாம்புலியூரில் எம் பாட்டனார் விட்டுச்சென்ற சட்டைப்பைக் கடிகாரத்தின் முகப்பில் 'பி.ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்றிருக்கும். அது விற்றவர் பெயர், செய்தவர் பெயரன்று. உள்ளிருக்கும் இயந்திரத்தில் எழுத்தே இல்லை. பெயரில்லாததற்கு வெள்ளி எடைக்கே விலை என்றார் ஒரு வணிகர்.

சுவிட்சர்லாந்தின் ஃபோன்டேன்மெலோனில் 1793இல் தோன்றிய ஆலை போன்றவை முற்றுப்பெறாத இயந்திரங்களைச் செய்து பிறருக்கு விற்றன. வாங்கியவர் முடித்துத் தம் பெயரிடுவர், இடாமலும் விடுவர்.

பெயரறியாப் புலவரை அவர்தம் சொல்லாட்சியால் அழைத்தது நம் மரபு. செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். கடிகாரத்துக்கு வடிவமே சொல்லாட்சி. பண்ருட்டியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் முகப்பைக் கழற்றி, அதன் கீழ் முத்திரை தேடினார், இல்லை. குறுக்களவு ஏறத்தாழ 43 மி.மீ.; 2.256 மி.மீ. கொண்ட பழைய பிரெஞ்சு அளவையில் 19. இனிச் சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் வளைவையும், முள் திருப்பும் நெம்புகோலின் வடிவையும் பழைய விலைப்பட்டியற் படங்களோடு ஒப்பிடவேண்டும். அவை ஆலைக்கு ஆலை வேறுபடும்.

ஆலை தெரியவரலாம், சக்கரத்தின் பல் தீட்டிய கை தெரியவராது. ஆயினும் பின்மூடியின் உட்புறத்தே, காலந்தோறும் பழுதுபார்த்தோர் ஊசியாற் கீறிய குறிகள் உள்ளன. கடிகாரத்தை நான் விற்கவில்லை. மாணவச் செல்வங்களே, ஆக்கியோன் பெயர் காணாவிடத்தும் காத்தோர் கையெழுத்தைத் தேடிப் படியுங்கள்.