கலயமும் வாலையும்

உபாத்தியாயர்கள் பிரயாணம் கிளம்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. மைத்துனன் கலியாணம் ஒன்று. விடுமுறையில் வீட்டில் இருக்க முடியாமை மற்றொன்று. நான் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரைக்குக் கிளம்பியதற்கோ, கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பையனே காரணம்.

2023-ஆம் வருஷம் மே மாதத்தில் எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்தின் பக்கத்திலும், அடுத்த விழுப்புரம் ஜில்லாவில் மரக்காணத்தின் பக்கத்திலும் விஷச் சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்கு முன்பே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ரஸாயன வகுப்பில் அன்று நான் நடத்த வேண்டிய பாடம், திரவங்களைக் காய்ச்சி வடித்தல். கரும்பலகையில் குடுவையும் குழாயும் வரைந்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், மெதனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பையன் எழுந்து நின்றான்.

"ஸார், அந்தச் சாராயம் காய்ச்சியவர்கள் எந்த இடத்தில் தப்புச் செய்துவிட்டார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று உபாத்தியாயர்களுக்கே உரிய முறையில் தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை வருவதற்குள் பத்து மாதம் ஆகிவிட்டது. புத்தகங்களில் படித்துப் பார்த்ததில் திருப்தி ஏற்படவில்லை. பக்குவம் தெரிந்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்த்தால்தானே, தப்பு எங்கே என்று சொல்ல முடியும்? ஆகவே அடுத்த பங்குனி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினேன்.

பனந்தோப்பில்

கொளவாய் ஏரியின் மேல் இன்னும் இருட்டு விலகவில்லை. திருக்கழுக்குன்றம் வரும்போது மலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போகும் என்று புகழ் பெற்ற மலை. இப்போது அவை வருவதில்லை. மாமல்லபுரத்தில் இறங்கியபோது கிழக்கு வெளுத்தது. ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பற்றி எழுதுவதற்கு என்னைவிடப் பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அவற்றைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் தெற்கே போகும் சாலையைப் பிடித்தேன்.

டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கும் சதுரங்கப்பட்டினத்தை நோக்கிப் போகிற வழி அது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் சவுக்குத் தோப்பும் உப்பங்கழியும். நடுவில் மணல் மேட்டில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்த பனைகள். அவற்றில் ஒன்றின் உச்சியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் கலயம், அதன் பக்கத்தில் ஓலைப் பெட்டி, அதற்குள் பாளை சீவும் கத்தி.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரய்யாவுக்குக் கள்ளு வேணுமின்னா இங்கே கிடைக்காது. பதநீர்தான்" என்றார்.

"பதநீர்தான் வேண்டும், பெரியவரே. எப்படிச் செய்கிறீர்கள் என்பதும் வேண்டும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, பனையோலையை மடித்துப் பட்டை பிடித்தார். தாம் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் எனக்கு ஊற்றினார். "நான் குடிச்சுப் பார்க்காததை ஊருக்கு ஊத்தக்கூடாது" என்றார். விடியற்காலைக் குளிரில் அந்தப் பதநீரின் ருசியை எழுத்தில் சொல்ல முயல்வது வீண் வேலை.

சுண்ணாம்பின் மகிமை

அவருடைய சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடக்கிவிடலாம். பாளையை நசுக்கிப் பதப்படுத்த ஓர் இடுக்கி; நுனியைச் சீவ ஒரு கத்தி; காலில் மாட்டும் நார் வளையம்; மண் கலயங்கள்; ஒரு சிறு டப்பாவில் நீர்த்த சுண்ணாம்பு. பாளையைக் கட்டிச் சில நாள் இடுக்கியால் இதமாக நசுக்கினால்தான் சாறு ஊற ஆரம்பிக்கிறது. அதன் பிறகு காலையிலும் மாலையிலும் மரமேறி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவி வர வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வெட்டிய வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளுமாம். அடைமழைக்கும் காய்ச்சலுக்கும் பனை விடுமுறை கொடுப்பதில்லை.

இந்தக் கூடையில் மிகவும் மலிவான சாமான் சுண்ணாம்பு. ஆனால் சாற்றின் தலைவிதியை எழுதுவது அதுதான். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் துவாரங்களிலும் ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் காத்திருக்கின்றன. சுண்ணாம்பு தடவாத கலயமாக இருந்தால், அவை அந்தச் சர்க்கரையைத் தின்று சில மணி நேரத்தில் சாற்றைக் கள்ளாக்கிவிடும். அதில் நூற்றுக்கு நாலைந்து பங்கு எத்தனால் ஏறும். இன்னும் ஒரு நாள் விட்டுவைத்தால் புளித்துக் காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தாலோ அந்த ஜீவன்கள் தலையெடுக்க முடிவதில்லை. சாறு பதநீராகவே தங்குகிறது. மரம் ஒன்று, சாறு ஒன்று, ஏறும் மனிதரும் ஒருவரே. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான்.

"அதிகமாகப் போட்டுவிட்டால்?" என்று கேட்டேன்.

"வாய் வெந்துபோகும். வெல்லமும் கறுத்துப் போகும். குறைச்சுப் போட்டா, எத்தனை நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது. விரலுக்குத்தான் ஐயா அளவு தெரியும்."

பழைய கலயத்தை அலசாமல் மறுபடி மரத்தில் கட்டுவது பெரும் பிழை என்றும் சொன்னார். அவருடைய குடிசைக்குப் பின்னால் கழுவிய கலயங்கள் வெயிலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய்களை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பாகும் பதமும்

சாலையோரத்தில் விற்றது போக மிஞ்சிய பதநீரை அவருடைய மனைவி அடுப்பேற்றினார். இது ஸ்திரீகளின் இராஜ்யம். பன்னாடையில் வடிகட்டி, அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்துக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மணி நேரம் அந்த அம்மாள் சட்டியை விட்டு நகரவில்லை. பாகைத் துளி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அது கரையாமல் உருண்டு நின்றதும் சட்டியை இறக்கிக் கிளறிச் சிரட்டைகளில் ஊற்றினார். எட்டுப் பத்து லிட்டர் பதநீர், ஒரு கிலோ வெல்லமாக உட்கார்ந்துவிட்டது.

செய்வதைவிடச் சேமிப்பது கஷ்டம் என்பது எனக்குப் புதிய விஷயம். பனைவெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும் வஸ்து. கடற்காற்றோ ஈரத்தைத் தவிர வேறொன்றும் கொண்டுவருவதில்லை. ஆகவே வெல்லத்தை ஓலைப் பெட்டியில் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிறார்கள். அடுப்புச் சூடும் புகையும் அதைக் காக்கின்றன. பனங்கற்கண்டுக்கு இன்னும் பொறுமை வேண்டும். பாகைப் பானையில் ஊற்றி, நூல்களைத் தொங்கவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மாதம் அசைக்காமல் வைத்திருந்தால்தான் கற்கண்டு கட்டும்.

1934-இல் வார்தாவில் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பனைவெல்லத்தைத் தன் தொழில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கியபோது, வேலை இழந்த மரமேறிகளுக்கு வெல்லம் காய்ச்சும் தொழிலையே மாற்றாகக் காட்டியது. 1948 அக்டோபரில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று. பிறகு சட்டம் பல தடவை தளர்ந்தது, பல தடவை இறுகியது. 1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் விற்பதற்குத் தடை வந்தது. 2021-இல் அரசாங்கம், கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தது. மரத்துக்குக் காவல் கிடைத்தது நல்லதுதான். ஆனால் மரத்தில் ஏறுவதற்கு ஆள் வேண்டுமே? பெரியவரின் பிள்ளைகள் இருவரும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். "எனக்கப்புறம் கலயம் கீழேதான் இருக்கும்" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை.

வைத்தியர் வீட்டு வாலை

பனஞ்சாற்றில் காய்ச்சுதல் உண்டு, வடித்தல் இல்லை. பையனின் கேள்வியோ வடித்தலைப் பற்றியது. அதற்காகத் திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் எனக்கு அறிமுகமான ஒரு சித்த வைத்தியரின் வீட்டில் இறங்கினேன். அங்கே ஓமத் தீநீர் வடிந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு வயிற்று வலி என்றால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் தேடும் அதே ஓமத் தண்ணீர்தான்.

வாலை என்னும் யந்திரத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது பிரமாதமாகத் தோன்றும். நேரில் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள், அவ்வளவுதான். கீழே ஈயம் பூசிய செப்புப் பானையில், இரவெல்லாம் ஊறிய ஓமமும் தண்ணீரும். மேல் மூடியின் தலையில் குளிர்ந்த தண்ணீர். ஆவி எழும்பி மூடியின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து, ஓரத்துக் கால்வாயில் இறங்கி, குழாய் வழியே சீசாவில் சொட்டுகிறது. மேல் தண்ணீர் சூடாகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். பொருத்துவாயைச் சீலைமண் பூசி அடைக்க வேண்டும். தீ அதிகமானால் பானையிலுள்ள ஓமமே பொங்கிக் குழாயில் வந்துவிடும்.

"முதலில் வடிவது காரம், கடைசியில் வடிவது வெறும் தண்ணீர். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் வித்தை" என்றார் வைத்தியர். தம் உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஏந்தி முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார். வடித்ததைக் கலங்கல் நிறக் கண்ணாடிச் சீசாக்களில் நிரப்பி, இறுக மூடி, செய்த தேதியை எழுதி இருட்டறையில் அடுக்கினார்.

இம்மாதிரி மருந்துகளைப் பெரிய அளவில் செய்யும் ஸ்தாபனங்களும் இதே கடற்கரையில் உண்டு. 1944-இல் தோன்றிய வைத்தியர்களின் கூட்டுறவு மருந்துச்சாலையான இம்ப்காப்ஸ் திருவான்மியூரில் இருக்கிறது. 1983-இல் அரசாங்கம் ஏற்படுத்திய டாம்ப்கால் கழகத்தின் தொழிற்சாலை, திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் இருக்கிறது. கடல் கடந்து இலங்கைக்குப் போனால், தென்னங்கள்ளைச் செப்புப் பாத்திரத்தில் இரண்டு முறை வடித்து, ஹல்மில்லா மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் ஊறவைக்கும் சாராயச் சாலைகள் சட்டப்படியே நடக்கின்றன. திருகோணமலை மரம் என்று பெயர் வாங்கிய அதே மரத்தில்தான் அக்காலத்துச் சென்னையின் மசூலாப் படகுகளையும் கட்டினார்கள். மருந்தானாலும் மதுவானாலும் வாலையின் நியதி ஒன்றே: முதலில் வருவதை ஒதுக்கு, கடைசியில் வருவதை ஒதுக்கு, நடுவில் வருவதை நம்பு, எதையும் சோதிக்காமல் சீசாவில் அடைக்காதே.

வைத்தியரிடம் பையனின் கேள்வியைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "வடித்தவர்கள் யார் என்று தெரிந்தால் அல்லவா தப்பு எங்கே என்று கேட்கலாம்?" என்றார்.

விடை

அவர் சொன்னதுதான் விடை. 2023-இல் பிடிபட்ட சரக்கைச் சோதித்தபோது, அது தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் மெதனால் என்று தெரியவந்தது. அதை யாரும் எந்த அடுப்பிலும் காய்ச்சவில்லை. எந்த வாலையிலும் வடிக்கவில்லை. வார்னிஷுக்கும் ரஸாயனங்களுக்குமாகத் தயாரானது, கை மாறிக் கை மாறி, தண்ணீர் கலந்து, சாராயம் என்ற பெயரில் ஏழைகளின் தொண்டையில் இறங்கியது. உடம்புக்குள் போன மெதனால், எறும்புக் கடியில் இருக்கிறதே, அந்த பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது; உயிரையும் வாங்குகிறது. நிறத்தைக் கொண்டோ வாசனையைக் கொண்டோ ருசியைக் கொண்டோ இதை எத்தனாலிலிருந்து பிரித்தறிய நம்மால் முடியாது. கைதேர்ந்தவருக்கே முடியாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் இறந்ததும் இதே மெதனாலால்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குக் கள்ளக்குறிச்சி தெரியாது. மறுநாள் வகுப்பில் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அவர்கள் வடித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் வடிக்கவே இல்லை" என்றேன்.

அவன் யோசித்தான். "அப்படியானால் அது எங்கே யார் செய்தது என்று விற்றவருக்குத் தெரியுமா, ஸார்?"

"தெரியாது."

"குடித்தவருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

பெரியவர் எனக்குக் கொடுத்த ஒரு பழைய கலயத்தை மேஜைமேல் வைத்திருந்தேன். அதைப் பையன்கள் ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இதற்குள் சுரந்தது எந்த மரத்துச் சாறு, சீவியது யார் கை, தடவியது எவ்வளவு சுண்ணாம்பு, முதலில் குடித்துப் பார்த்தது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்ட பையன் கலயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து உற்றுப் பார்த்தான்.

"இவ்வளவுதானா, ஸார்?" என்றான்.

"இவ்வளவுதான். ஆனால் தினம் இரண்டு வேளை, மறக்காமல்" என்றேன்.